போர்வையும் கையும்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் அறியாத தமிழ் மாணவன் இல்லை. அவர்கள் கொடையைப் புலவர் பாடினர். பள்ளியில் நாம் படித்தோம். பேச்சுப் போட்டிகளில் முழங்கிப் பரிசும் பெற்றோம். அக்கொடைக்கு நம் முன்னோர் 'கொடைமடம்' என்று பெயரிட்டனர். வேண்டுமா வேண்டாவா என்று ஆராயாது அள்ளிக் கொடுக்கும் அறியாமை என்பது அதன் பொருள். புகழ்ந்துதான் அப்பெயரை இட்டார்கள். ஆயினும் அச்சொல்லில் 'மடம்' என்னும் பகுதியையும் சேர்த்தே வைத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மயில் குளிரால் நடுங்குகிறது என்று பேகன் எண்ணினான். மயில் நடுங்கியதா, ஆடியதா? அதை அறிந்தபின் அவன் போர்வையைக் கழற்றவில்லை.

மன்னனுக்கு அது அழகாக இருக்கலாம். கிறிஸ்துவின் பெயரால் பிறருக்கு உதவப் புறப்படுவோர்க்கு அது போதுமா? இதுவே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

கேள்விக்குக் காரணம் உண்டு. டிசம்பர் மாதம் வந்துவிட்டால் பெங்களூரில் குளிர் கூடும். நம் சங்கத்தில் கிறிஸ்துமஸ் விழாவும் கூடும். விழாவின் ஒரு பகுதியாக நடைபாதையில் உறங்குவோருக்குப் போர்வை வழங்குவது நம் வழக்கம். இரவு பத்து மணிக்கு வண்டியில் செல்கிறோம், உறங்குகிறவரை எழுப்புகிறோம், போர்வையை நீட்டுகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம், பதினொன்றரை மணிக்கு விடுதிக்குத் திரும்பிவிடுகிறோம். இவ்வாண்டும் அவ்வாறே செய்யலாமா என்று செயற்குழு கேட்டிருக்கிறது. நான் சேந்தமங்கலத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். இவ்விழாவை முன்னின்று நடத்துவோரில் பெரும்பாலோர் என்னைப் போன்ற கிறிஸ்தவ மாணவர்களே. ஆகவே எங்கள் வீட்டுச் செய்தியைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று மற்ற நண்பர்கள் கொள்வார்களாக.

இயேசு பெருமான் தம் இறுதி இரவில் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. அன்பைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகள் நிகழ்ந்திருக்கின்றன. ஆனால் அச்செயலில் உள்ள எளிய உண்மை ஒன்றைக் கவனியுங்கள். நின்றுகொண்டே போர்வை கொடுக்கலாம். நின்றுகொண்டே காலைக் கழுவ முடியாது. குனிய வேண்டும். காலைக் கையில் எடுக்க வேண்டும். அழுக்கு எங்கே இருக்கிறது, வெடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்பு, பணிவு, அறிவு ஆகிய மூன்றும் அச்செயலில் ஒன்றாகிவிடுகின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அச்செயல் நிறைவேறாது.

இது வெறும் உவமை என்று எண்ண வேண்டா. இம்மூன்றும் ஒன்றானதை நம் தமிழ் மண்ணே கண்டிருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். ஓரி ஆண்ட மலை அது. 1914-இல் பிறந்த ஓர் ஆங்கிலக் குழந்தை அம்மலையில் வளர்ந்தது. தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். மலைமக்களுக்கு மருத்துவம் பார்த்தும், நரம்புச் சிலந்தி நோயோடு போராடியும் வாழ்ந்த ஜெஸ்ஸி 1929-இல் கடுங்காய்ச்சலால் மாண்டார். அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-இன் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த கல்லூரி அது.

மறு ஆண்டு செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார் பிராண்ட். அங்கே தலைமை வகித்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். நோயாளிகளின் விரல்கள் கழுகின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. ஏன் இப்படி ஆகிறது என்று பிராண்ட் கேட்டார். எலும்பையும் மூட்டையும் அறிந்த மருத்துவர் நீங்கள்தாம்; உங்களில் ஒருவரும் இதுவரை இதைக் கவனிக்கவில்லையே என்னும் பொருள்பட விடை வந்தது. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். வலுவற்ற கை என்று எண்ணியிருந்தவருக்குத் தாங்க முடியாத வலி. இரும்புப் பிடி! விரலை நீட்டும் தசைகள் செத்திருந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பதை அந்தப் பிடியே அவருக்குச் சொல்லிற்று.

விஞ்ஞான மாணவர்களே, இதைச் சற்று நின்று எண்ணுங்கள். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டுபிடித்தது 1873-இல். இன்றுவரை அக்கிருமியைச் செயற்கை ஊட்டக்கூழில் வளர்க்க இயலவில்லை. ஒரு கிருமி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. அதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும். ஆகையால் உடலின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் நரம்புகளை, முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்ற இடங்களில் அது தாக்குகிறது. அங்கங்கே சில தசைகள் செயலிழக்கும். சில தப்பிப் பிழைக்கும். எவை பிழைக்கும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கண்டறிந்த பிராண்டும் அவர் துணைவர்களும், பிழைத்த தசையின் நாணை எடுத்துச் செத்த தசையின் இடத்தில் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். உலகம் போற்றும் இந்தக் கண்டுபிடிப்பு, தொடுவதற்கு எல்லோரும் அஞ்சிய ஒரு கையைப் பிடித்துப் பார்த்ததிலிருந்து பிறந்தது. தொடாமல் நின்றிருந்தால் அந்த விஞ்ஞானமே பிறந்திராது.

அந்நாளில் தொழுநோயாளியின் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்றுதான் படித்தவர்களும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறினார். நோயாளிகளில் ஒரு சிறுவன் ஓடிவந்து எளிதாகச் சாவியைத் திருப்பிவிட்டான். பிராண்ட் அவன் கையைப் பார்த்தார். விரலில் எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்திருந்தது. சிறுவனுக்கு ஒன்றும் தெரியவில்லை! சதை அழுகவில்லை, வலி இல்லாததால் கை தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாமல் அழிகிறது என்று அவர் தெளிந்தார். சிலருடைய விரல் ஓர் இரவிலேயே குறைந்துபோயிற்று. விழித்திருந்து பார்த்தபோது, உறங்கும் கையை எலி கடித்துச் செல்வது தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் உடன் அனுப்பினார்களாம். பூனை கொடுப்பது எவ்வளவு சிறிய உதவி! ஆனால் பக்கத்தில் அமர்ந்து, இரவெல்லாம் விழித்துப் பார்த்தவர்களே அதைக் கொடுக்க முடியும். கொடைமடத்துக்கு அது தோன்றாது.

இக்கதையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இனிமேல்தான் வருகிறது. விரல் நிமிர்ந்த நோயாளிகள் சிலர் மகிழ்ச்சியோடு ஊர் சென்றார்கள். வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். வேலை கொடுப்பார் இல்லை. மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்களும் இப்போது போடுவதில்லை. நல்ல கை, பிச்சைக்கு உதவாத கையாகிவிட்டது! தம் திறமையில் மயங்கிய மருத்துவராக இருந்தால், 'என் வேலை கையைத் திருத்துவது. அது முடிந்தது' என்று சொல்லியிருப்பார். பிராண்ட் அந்தக் குறையைத் தம் குறையாகவே கொண்டார். 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் மண்குடிசைகள் எழுந்தன. நவஜீவ நிலையம் என்று பெயர். மரவேலை கற்றுத் தந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கையையும் பார்த்து, எந்தக் காயம் எதனால் வந்தது என்று நோயாளியோடு சேர்ந்தே ஆராய்ந்தார்கள். 1955-இல் கரிகிரியில் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. உணர்ச்சியற்ற பாதங்களுக்காக அங்கெல்லாம் ஆராய்ந்து அமைத்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பைத்தான் இன்று நம் ஊர்களில் நீரிழிவு நோயாளிகளும் அணிகிறார்கள். நம் தாத்தா பாட்டியர் பலர் நடக்கும் செருப்பில் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம் இருக்கிறது.

இதே வேலூரில் பயின்ற கேரள நங்கை டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த வண்டி விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யலாம் என்று பிராண்ட் எடுத்துரைத்தார். செய்தார் அம்மையார். பிறகு வெளிநாடு சென்று பயின்று திரும்பி, ஊனமுற்றோர் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வேலூரில் வழி வகுத்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்ட நோயாளி என்ன எண்ணியிருப்பான்? மேலிருந்து கீழே வரும் அருளாக அது அவனுக்குத் தோன்றியிராது. தன் நிலை அறிந்த ஒருவர் தன் பக்கத்தில் வந்து அமர்ந்தார் என்றே தோன்றியிருக்கும்.

மகனுக்குத் தாய் இளைத்தவர் அல்லர். கணவனைப் புதைத்த மலையை ஈவ்லின் அம்மையார் மறக்கவில்லை. எழுபதை நெருங்கிய வயதில் சபையின் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், தாமாகவே மலை ஏறிக் குடியிருந்தார். மட்டக்குதிரையில் மலைக்கு மலை சென்றார். 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தபோது, கொல்லிமலையில் கணவர் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் பெற்றார். 'பாட்டி பிராண்ட்' என்பதே அவருக்கு நிலைத்த பெயர். ஓரியின் மலையில் ஒரு கிழவி! மன்னனுக்கு வள்ளல் என்று பெயர். இவருக்குப் பாட்டி என்று பெயர். எந்தப் பெயர் நெருக்கமானது?

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவர் என்பதை அறிவேன். 'இவர்களெல்லாம் மதம் பரப்ப வந்தவர்கள் அல்லரோ?' என்று கேட்பர். நேர்மையான கேள்வி, மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். பிராண்டின் பெற்றோர் சமயத்தைப் போதிக்க வந்தவர்களே. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அறுவை மேசையில் வைத்த கைக்கு மதம் கேட்டு நாண் பொருத்த முடியாது. அன்பைத் தூண்டிலாக்கினால் அது அந்தக் கணமே அன்பு அல்லாமல் போய்விடுகிறது. மீனுக்குப் புழு கொடுப்பவனை வள்ளல் என்று எவரும் சொல்வதில்லை. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் இதைப் பிறருக்குச் சொல்லுமுன் எங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு கை பற்றிய பிறகு அந்தக் கை எதைக் கும்பிடும் என்று கணக்குப் பார்த்தால், பற்றியது வீண்.

எங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. எங்கள் கோயில்களில் எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். ஆனால் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. கிறிஸ்தவ மணமகன் தேவை என்னும் விளம்பரத்தின் அடுத்த சொல்லாகச் சாதிப்பெயர் நிற்கிறது. நடைபாதையில் உறங்கும் அந்நியருக்குப் போர்வை தருவது எளிது. அவர் நம் சம்பந்தி ஆகப் போவதில்லை. நம் வீட்டுப் பெண்ணை எடுக்க வரும் கிறிஸ்தவ இளைஞனின் சாதியைக் கேட்காமல் இருப்பதல்லவா பணிவு? கால் கழுவும் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் சில வேளைகளில் நம் வீட்டுத் திண்ணையே ஆகும்.

பெரியோர் செய்த பெருஞ்செயல் மாணவர்க்கு எட்டுமா என்று மலைக்க வேண்டா. ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் கண்ட சிறு செய்தி. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ ஓர் அக்கா வருவார். கன்னடத்துக்காரர். கழுவும் திரவங்கள் பட்டு அவர் கைத்தோல் வெடித்திருந்தது. 'பாவம், கையுறை போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாரே' என்று எல்லோரும் இரங்கினோம். அறிவில்லை என்று சிலர் கடிந்தும் கொண்டனர். என்னோடு பயிலும் மாணவி ஒருத்தி மட்டும் ஒருநாள் அவர் அருகில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "நிமகெ ஏனு பேக்கு?" என்று கேட்டாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதே அதன் பொருள். அக்கா சிரித்தார். வாங்கி வைத்திருந்த கையுறை எல்லாம் ஆண்களின் பெரிய கைக்கு அளவானவை. அவற்றைப் போட்டால் குடுவை வழுக்கும். உடைந்தால் கூலியில் பிடிப்பார்களோ என்று அச்சம். வேண்டியது சிறிய அளவுக் கையுறை. அவ்வளவுதான்! மறு வாரம் வாங்கி வந்தார்கள். கை ஆறிற்று. நாங்கள் மாதக்கணக்கில் பட்ட இரக்கம் செய்யாததை ஒரு கேள்வி செய்துவிட்டது.

எரிகோ நகரின் வழியோரத்தில் பார்வையற்ற ஒருவன் இரந்து கூவியபோது, இயேசு பெருமான் அவனை அழைத்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டார். அவன் குறை எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததுதானே! ஆயினும் கேட்டார். கேட்பது அவனை மனிதனாக மதிப்பது. கேட்காமல் கொடுப்பதில், 'உனக்கு வேண்டியது உன்னைவிட எனக்குத் தெரியும்' என்னும் செருக்கு ஒளிந்திருக்கிறது.

'ஆனாலும் குளிரில் கிடப்பவனுக்கு யார் கொடுத்தால் என்ன, எப்படிக் கொடுத்தால் என்ன, போர்வை சூடு தராதா?' என்று நண்பர் கேட்கலாம். தரும். அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் போர்வை கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்றே எழுதுகிறேன். செயற்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஊரெல்லாம் ஓர் இரவில் சுற்றுவதை விட்டு, ஓர் இடத்தைத் தேர்ந்து மாதம் ஒருமுறை அங்கேயே செல்வோம். மாகடி சாலையில் சுமனஹள்ளி இருக்கிறது. தொழுநோயாளிகளின் மறுவாழ்வுக்காகத் தோன்றிய நிலையம் அது. கூட்டு மருந்து வந்த பிறகு தொழுநோய் குணமாகும் நோய். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையை இந்தியா 2005-இல் கடந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் நம் நாட்டவரே. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019-இல்தான் நீங்கின. கிருமி செத்த பிறகும் அச்சம் சாகவில்லை. அங்கே நம்மால் ஆவது என்ன என்று அங்கிருப்போரிடமே கேட்போம்.

இரண்டு: நிழற்படம் வேண்டா. வாங்குகிறவர் முகத்தை நம் மலரில் அச்சிட நமக்கு என்ன உரிமை?

மூன்று: கன்னடம் கற்போம். பிழைக்க வந்த ஊரின் மொழியைப் பிழையோடாவது பேசுவது, அவ்வூரார் முன் மாணவனாக அமர்வது ஆகும். தமிழ்ச் சங்கம் கன்னட வகுப்பு நடத்தினால் தமிழ் குறைந்துவிடாது. சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தில் ஒரே நாளில் தமிழிலும் கன்னடத்திலும் வழிபாடு நடக்கிறது. எந்த மொழியும் மற்றதை விழுங்கிவிடவில்லை.

நான்கு: விடுதியில் நமக்குச் சோறு இடுவோர், குளியலறை கழுவுவோர், வாயிலில் இரவெல்லாம் விழித்திருப்போர் ஆகியோரின் பெயர்களை இந்த டிசம்பருக்குள் அறிந்துகொள்வோம். பெயர் தெரியாதவரிடம் அன்பு காட்டுவதாகச் சொல்வது, முகவரி எழுதாத அஞ்சலைப் பெட்டியில் போடுவது போன்றது.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டா. கிறிஸ்தவராக இருக்கவும் வேண்டா. திருவள்ளுவர் அன்புடைமைக்கும் அடக்கமுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். படிக்கும் நாம் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்தோம். வாழ்க்கையில் அவை ஒரே அதிகாரம்தான். பணிவில்லாத அன்பு கொடையாகி, கொடை புகழாகி, புகழ் நிழற்படமாகிச் சுவரில் தொங்கும். பணிந்த அன்போ கையைப் பற்றும். பற்றிய கை சொல்வதைக் கேட்கும். கேட்டதைக் கற்றுக்கொண்டு வேலையில் இறங்கும்.

நண்பர்களே, செயற்குழு அடுத்த கிழமை கூடுகிறது. போர்வைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற பேச்சு முதலில் வரும். அதற்கு முன்பே யாராவது ஒருவர் எழுந்து, 'நிமகெ ஏனு பேக்கு என்று அவர்களைக் கேட்டோமா?' என்று வினவ வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.